கண்ணாடி நார்க் கம்பியை எல்லா இடத்திலும் போட முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்களில் 20 வருடத்துக்கு மேலாக வீட்டு வேலைகளைப் பார்த்து வரும் பொறியாளர் நான். போன மாதம் ஒரு வீட்டுக்காரர், மாடித் தளத்துக்கு இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பியை வாங்கி இறக்கிவிட்டு, கம்பி கட்ட ஆள் அனுப்புங்கள் என்று போன் செய்தார். 10 எம்.எம். இரும்பு போடும் இடத்தில் இது 8 எம்.எம். போதும், துருவே பிடிக்காது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அவரைத் தடுத்து நிறுத்த எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அவருடைய பழைய வீட்டில் 12 வருடத்திலேயே தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழ ஆரம்பித்துவிட்டது. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துப் பிதுங்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான்.

கண்ணாடி நாரைப் பிசினில் நனைத்து இழுத்துச் செய்யும் இந்தக் கம்பிக்கு அந்த வியாதி கிடையாது, உண்மை. 12 மீட்டர் நீளமுள்ள 10 எம்.எம். இரும்புக் கம்பி ஏழரைக் கிலோ வரும், இது சுமார் 2 கிலோதான். இழுவிசையிலும் இரும்பை மிஞ்சும். ஆனால் தளத்துக்கும் பீமுக்கும் இழுவிசை மட்டும் போதாதே, விறைப்பும், அதாவது பாரம் ஏறினாலும் அதிகம் நீளாத தன்மையும் வேண்டும். இதன் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதோடு 10 எம்.எம்.மை 8 ஆக்கினால் குறுக்குப் பரப்பும் குறைந்து, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. அப்புறம் தளம் தொங்கும், விரிசல் அகலமாகும். கடையில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை, அதுதான் என் கோபம்.

இன்னொன்று. இரும்பு உடைவதற்கு முன் நீளும், வளையும், வீட்டில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். இது நீண்டு கொடுக்காமல் சட்டென்று அறுந்துவிடும். தீப்பிடித்தால் பிசின் இளகிக் கான்கிரீட்டோடு உள்ள பிடிப்பு போய்விடும். சைட்டில் வளைக்கவும் முடியாது, தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைத் தொழிற்சாலையிலேயே வளைத்துத்தான் வாங்க வேண்டும். நாம் வீடுகளுக்கு வைத்திருக்கும் ஐ.எஸ். 456 என்ற இந்திய கான்கிரீட் தரநிலையின் கணக்கு முழுக்க இரும்புக்காக எழுதப்பட்டது, அதில் கம்பியை மட்டும் மாற்றிப் போட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

அதற்காக இதை ஒதுக்கவும் சொல்லவில்லை. இந்தக் கம்பிக்கென்றே 2023இல் ஐ.எஸ். 18256 தரநிலை வந்துவிட்டது. சவூதியின் ஜிசானில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வெள்ளநீர்க் கால்வாயையே இந்தக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். மண்மேல் கிடக்கும் தரைத்தளம், மழைநீர் வடிகால், காம்பவுண்டு அடித்தளம் மாதிரி இடங்களில் நம் கடலோரத்துக்கு இது நல்ல பொருள். அந்த வீட்டுக்காரர் வாங்கியதையும் வீணாக்கவில்லை, கார் நிறுத்தும் தரைக்குப் போட்டோம். தளத்துக்கு இரும்புதான், ஆனால் கடற்கரைக்கு ஐ.எஸ். 456 கேட்கிறபடி எம்30 என்ற வலுவான தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே அதை மூடி நிற்கும் கான்கிரீட்டாகிய கவர் 45 எம்.எம்.மும் வைத்து. வழக்கமாக இங்கே 20 எம்.எம். கவர் பிளாக்தான் வைக்கிறார்கள், பாதித் துரு அதனாலேயே வருகிறது.

பொதுப்பணித் துறை கடலோர வடிகால் வேலைகளின் மதிப்பீட்டில் இந்தக் கம்பியைச் சேர்க்க வேண்டும். விற்பவர்கள் சோதனைச் சான்றிதழோடு விறைப்பு எவ்வளவு என்பதையும், பீமுக்கும் தூணுக்கும் தனி வடிவமைப்பு இல்லாமல் போடக்கூடாது என்பதையும் பில்லிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். வாங்குபவர்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
தூத்துக்குடி மாவட்டம்.