நறநறவென்று ஓர் ஒலி

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

பொங்கலுக்கு வந்து நீ என் பக்கத்தில் படுத்திருந்த மூன்று இரவுகளும் நறநறவென்று ஓர் ஒலி கேட்டு விழித்துக்கொண்டேன். சமையலறையில் எலி எதையோ கொறிக்கிறது என்று எண்ணி முதல் நாள் விளக்கைப் போட்டுத் தேடினேன். திரும்பி வந்தபோதுதான் அது தூக்கத்தில் நீ பல்லைக் கடிக்கும் ஒலி என்று தெரிந்தது. காலையில் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி நீ தலைவலி என்றதும், காது வலிக்காகப் பெங்களூரில் மருத்துவரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று திரும்பியதும் இதனால்தானோ என்று தோன்றுகிறது. இரவெல்லாம் தாடைத் தசை இறுகினால் வலி அங்கெல்லாம் பரவும்.

ஐந்து வயதிலும் நீ பல்லைக் கடித்தாய். வயிற்றில் பூச்சி என்று உன் பாட்டி வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைத்தார். உன் அழுகை அடுத்த போர்ஷன்வரை கேட்டது. பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று பின்னாளில் அறிந்தேன். பாவம், வீணாக அந்தக் கசப்பு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வளர வளர இது தானே நின்றுவிடும். பெரியவர்கள் அப்படிக் காத்திருக்க முடியாது. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனக்கும் இந்தப் பல் கடிப்பு உண்டு. நான் காத்திருந்துதான், ஒரு கோகுலாஷ்டமியன்று, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிளந்துகொண்டேன். பழியைச் சீடையின்மீது போட்டேன்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல்லை அச்செடுத்து எனக்கு நைட் கார்டு, அதாவது இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து தந்தார்கள். அது பல்லைத் தேயாமல் காக்குமே தவிர, கடிப்பதை நிறுத்திவிடாது. ஆகவே கார்டு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. காரணத்தைத் தேட வேண்டும். மனஅழுத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் உண்மையே. ஆனால் நீ இரவு பதினொரு மணிக்குக் குடிக்கும் காபியும் தூக்கத்தைக் குலைத்து இதைக் கூட்டக்கூடும். குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்களுக்கும் இது வருவதுண்டு. உன்னிடம் நான் குறட்டை கேட்கவில்லை.

இன்னொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். உன் கைப்பையில் மனச்சோர்வுக்கான மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அதை நீ என்னிடம் சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை. அந்த வகை மாத்திரைகளில் சில பல் கடிப்பைத் தூண்டுவதுண்டு என்பதால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல். அவர் அளவையோ மருந்தையோ மாற்றலாம். நீயாக ஒரு நாளும் நிறுத்திவிடாதே.

தாடைத் தசையைத் தளர்த்த அதில் போடோக்ஸ் என்னும் மருந்தை ஊசியாகப் போடுவதும் உண்டு. அதன் பயன் மூன்று நான்கு மாதங்களே என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம். கணினி முன் இருக்கும்போது உதடுகள் சேர்ந்தும் பற்கள் விலகியும், நாக்கின் நுனி மேல்முன்பற்களுக்குப் பின்னாலும் இருக்கிறதா என்று அவ்வப்போது கவனித்து வா. பகலில் உன்னையறியாமல் பல்லை இறுக்குவது இதனால் குறையும்.

இணையத்தில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் கார்டை வாங்காமல், பல் மருத்துவரிடம் அளவு கொடுத்தே செய்துகொள். செய்த பின் குளிர்ந்த தண்ணீரிலேயே கழுவு. என் முதல் கார்டை வெந்நீரில் போட்டுத்தான் நெளித்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா