படப்பிடிப்புத் தளங்களில் பாதுகாப்புச் சோதனையும் விபத்துப் பொறுப்பும் கோரி லைட் யூனிட் தொழிலாளர்கள் அளிக்கும் மனு

அனுப்புநர்
லைட் யூனிட் தொழிலாளர்கள்,
சாலிகிராமம், சென்னை – 600 093.

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சினிமா, சீரியல், வெப் சீரிஸ், விளம்பரப் படப்பிடிப்புகளில் மின்சாரத்துக்கும் உயரப் பணிக்கும் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கவும், விபத்துக்குப் பொறுப்பு யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் படப்பிடிப்புக்கு லைட் கட்டுகிறவர்கள். எங்களில் சிலருக்குச் சங்க அட்டை உண்டு. சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் நாள் கூலிக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கு அதுகூட இல்லை. சம்பளம், பேட்டா விஷயங்களைச் சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் சம்மேளனம் பேசிக்கொள்ளும். அதற்காக இந்த மனு இல்லை. வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு அரசால் செய்ய முடிந்த சிலவற்றைக் கேட்டே எழுதுகிறோம்.

2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஒரு தளத்தில் கிரேன் சரிந்து உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூன்று பேர் இறந்தது தாங்கள் அறிந்ததே. 2024 ஜூலையில் இதே சாலிகிராமத்தில் சண்டைக் காட்சி வேலையின்போது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் சாகசக் காட்சியில் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் இரங்கல் செய்தி வருகிறது, வழக்குப் பதிவாகிறது, அடுத்த வாரம் எல்லாத் தளங்களிலும் வேலை பழையபடி நடக்கிறது. இவையெல்லாம் செய்தியில் வந்தவை. ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவரும் கால் ஒடிந்தவரும் எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு மழைக் காட்சி ஒன்றைச் சொல்கிறோம். லாரித் தண்ணீரைப் பீய்ச்சித்தான் மழை பெய்ய வைப்பார்கள். துளி கேமராவில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வர வேண்டும். அதனால் பகல் வெளிச்சம்போல எரியும் பெரிய எச்எம்ஐ லைட்டை மழைக்கு அந்தப் பக்கம், இரும்புக் குழாய்ச் சாரத்தின் மேல் ஏற்றுவோம். பெரிய லைட் என்றால் தலைப்பகுதி மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். அதை மேலே இழுப்பவர் இடுப்பில் பெரும்பாலும் பெல்ட் இருக்காது. இருந்தாலும் மாட்டுவதற்கு உறுதியான இடம் சாரத்தில் இருக்காது. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து வரும் கேபிள், இணைப்புகளில் டேப் சுற்றியபடி, அதே தண்ணீரில் கிடக்கும். மண் தரை என்றால் எர்த் கம்பி அடிப்போம். தார்ச் சாலையில் அடிக்க ஏது இடம்? அப்படியே ஓட்டுகிறார்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி சில வண்டிகளில் இருக்கிறது. சிலவற்றில், "அடிக்கடி ட்ரிப் ஆகுது, ஷாட் கெடுது" என்று அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஈரத்தில் கசிவு இருப்பதால்தானே அது ட்ரிப் ஆகிறது? நள்ளிரவு தாண்டி பேக்கப் ஆகி (அன்றைய வேலை முடிந்து), தூக்கமில்லாமல் மறுநாள் காலை கால்ஷீட்டுக்கு வந்து நிற்கும் ஆளிடம்தான் இந்த வேலையெல்லாம்.

விபத்து நடந்துவிட்டால் அடுத்த கஷ்டம் ஆரம்பம். லைட்டும் ஜெனரேட்டரும் அவற்றை வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட் முதலாளியுடையவை; நாங்கள் அவற்றோடு வருகிற ஆட்கள். தயாரிப்பாளர் தரப்பில் "அவர் யூனிட் ஆள்" என்பார்கள். யூனிட் தரப்பில் "படத்து வேலையில்தானே விழுந்தார்" என்பார்கள். எங்களோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புரொடக்‌ஷன் வண்டி மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் போனது. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. படம் முடிந்ததும் அந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். அன்று அவர் வேலைக்கு வந்ததற்கு இருந்த ஒரே பதிவு, சாப்பாட்டுக் கணக்கில் எழுதிய தலை எண்ணிக்கை. அதில் பெயர் கிடையாது.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே மத்தியச் சட்டம் வந்தது. அப்படியொரு தாளை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு சீரியல், வெப் சீரிஸ், விளம்பரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு, நேரடியாக வந்தாலும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தாலும் ஒருவர் ஒலி-ஒளித் தொழிலாளரே என்கிறது. ஒப்பந்தத்தைத் தயாரிப்பாளர் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. யூனிட் ஆளா, கம்பெனி ஆளா என்ற சண்டைக்கு இதில் பதில் இருக்கிறது.

ஆனால் நாளுக்கொரு படம் என்று ஓடுகிறவர்களிடம் பல பக்க ஒப்பந்தம் நடக்காது. ஆகவே ஒரே பக்கத்தில் தினசரி வருகைத் தாள் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொருவர் பெயர், செய்யும் வேலை, யூனிட், தயாரிப்பாளர், விபத்துக் காப்பீட்டு எண், அன்றைய பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து இவ்வளவும் அதில் இருந்தால் போதும். முதல் லைட் எரிவதற்கு முன் அதன் நகல் செல்போன் வழியாகத் தொழிலாளர் துறைக்குப் போய்விட வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் இதுதான் முதன்மையானது.

அரசு இடங்களில் படம் எடுக்கக் கட்டணம் கட்டி அனுமதி வாங்குகிறார்கள். அரசு உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர் ஒருவர் தளத்தில் இருக்க வேண்டும், சாரமும் கிரேனும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், சண்டைக் காட்சி, மழைக் காட்சி நாட்களில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்ற நிபந்தனைகளை அந்த அனுமதியோடு சேர்க்குமாறு வேண்டுகிறோம். தனியார் ஸ்டுடியோக்களில் தங்கள் துறை அதிகாரிகளே முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாம். சிறு படங்களுக்கு இது சுமை என்று சொல்வார்கள். கடன் வாங்கிப் படம் எடுப்பவரின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் லைட்டுக்கும் கிரேனுக்கும் தரும் வாடகையோடு பார்த்தால் ஒரு மேற்பார்வையாளரின் நாள் சம்பளம் பெரிய தொகையே அல்ல.

அந்த வருகைத் தாளையே ஆதாரமாக ஏற்று, சங்க அட்டை இல்லாதவர்களையும் திரைப்படத் துறையினர் நல வாரியத்தில் சேர்க்கச் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

உத்தரவு போடுவதற்கு முன் அதிகாரி ஒருவரை ஏதாவது ஓர் இரவுப் படப்பிடிப்புக்கு அனுப்பிவைத்தால், கேபிள் இணைப்பு முதல் சாரத்தின் உச்சி வரை உடன் வந்து காட்டத் தயாராக இருக்கிறோம். கையெழுத்துப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லைட் யூனிட் தொழிலாளர்கள்

இடம்: சென்னை