எக்ஸெல் தாளைத் திறக்குமுன்: சர்ஜரி பி.ஜி. தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சர்ஜரி ஜர்னல் ஒன்றில் கட்டுரை எழுதியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணப்போகிறாய், இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கைடு சொல்லியிருக்கிறார். எண்ணுவதற்கு இரண்டு வாரம் போதும்தான். யார் பெண், யார் ஆண் என்று தீர்மானிப்பதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். உன் ஆய்வின் தரம் அங்கேதான் நிற்கும் அல்லது விழும்.

நீ மேற்கோள் காட்டப்போவது 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ரேஷ்மா ஜக்சி குழுவினர் வெளியிட்ட கட்டுரையாகத்தான் இருக்கும். ஆறு ஜர்னல்களை எடுத்து 1970 முதல் 2004 வரை பார்த்தார்கள். ஃபர்ஸ்ட் ஆத்தர்களில் (முதல் பெயர், பெரும்பாலும் வேலையை முன்னின்று செய்தவர்) பெண்கள் 5.9 சதவீதத்திலிருந்து 29.3-க்கும், லாஸ்ட் ஆத்தர்களில் (கடைசிப் பெயர், பெரும்பாலும் குழுவின் தலைவர்) 3.7-லிருந்து 19.3-க்கும் உயர்ந்திருந்தார்கள். மகப்பேறு ஜர்னலில் ஃபர்ஸ்ட் ஆத்தர் பெண்கள் 6.7-லிருந்து 40.7-க்கு ஏறியபோது, அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரியில் 2.3-லிருந்து 16.7 வரைதான் வந்தார்கள். இதை எடுத்தாளும் பலர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: அமெரிக்காவில் பணிபுரியும் எம்.டி. பட்டதாரிகளை மட்டும் எண்ணிய கணக்கு இது. உன் ஜர்னலில் மதுரையும் சண்டிகரும் வூஹானும் இருக்கும். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதே.

மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டிலிருந்து விவரங்களை இறக்கும்போது சி.எஸ்.வி. கோப்பு வேண்டாம். அதில் குடும்பப் பெயரும் இனிஷியலும்தான் வரும். ‘பப்மெட்’ வடிவத்தில் இறக்கினால் எஃப்.ஏ.யு. என்ற வரியில் முழுப்பெயரும், ஏ.டி. வரியில் மருத்துவமனையும் ஊரும் கிடைக்கும். முழுப்பெயர் 2002-க்குப் பிந்தைய கட்டுரைகளுக்குத்தான் உண்டு. அதுவும் ஜர்னலே முழுப்பெயர் அச்சிட்டிருந்தால். பழைய ஆண்டுகளுக்குப் போனால் இன்னொரு குழி இருக்கிறது. 1984 முதல் 1995 வரை, பப்மெட்டுக்கு அடிப்படையான மெட்லைன் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரைக்குப் பத்து பெயர்களுக்கு மேல் ஏற்றவில்லை. பதினான்கு பேர் எழுதிய கட்டுரையில் பத்தாவது ஆளை லாஸ்ட் ஆத்தர் என்று நீ குறித்துக்கொள்வாய். யூனிட் சீஃப் பதினான்காவதாக அச்சிட்ட பக்கத்தில் இருப்பார். அந்த ஆண்டுகளுக்கு மூலப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி பெயர்கள். ஜெண்டரைஸ் போன்ற கருவிகள் முதற்பெயரை வாங்கிக்கொண்டு ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு நிகழ்தகவைத் தரும், அது எத்தனை பதிவுகளிலிருந்து வந்தது என்பதையும் தரும். மூன்றே பதிவுகளை வைத்து ‘100 சதவீதம் பெண்’ என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. இரண்டுக்கும் கீழ்வரம்பு முன்கூட்டியே வைத்துவிடு; முடிவைப் பார்த்த பிறகு வைத்தால் அது வரம்பே இல்லை. ஆந்திரியா இத்தாலியில் ஆண், ஜெர்மனியில் பெண். சீனப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியதும் எழுத்துருவும் தொனியும் போய்விடும், கூடவே பாலைச் சொல்லும் குறிப்பும் போய்விடும். சீக்கியப் பெயரான குர்ப்ரீத் இருபாலருக்கும் உண்டு. பின்னால் கவுர் வருகிறதா சிங் வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் முதற்பெயரை மட்டும் வாங்கும் கருவிக்கு அந்தப் பின்னொட்டு கண்ணிலேயே படாது.

நம் பெயர்களிடம் இந்தக் கருவிகள் படும் பாடு தனி. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர் சென்னையின் டி.எஸ். கனகா (1932–2018). ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம் ஆகியோருடன் ஸ்டீரியோடாக்டிக் (மூளைக்குள் இடத்தைத் துல்லியமாகக் குறித்துச் செய்யும்) அறுவைசிகிச்சை பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். பப்மெட்டில் ‘கனகா’ குடும்பப் பெயர் இடத்திலும் ‘டி எஸ்’ முதற்பெயர் இடத்திலும் கிடக்கின்றன. கருவி முதற்பெயர் இடத்தில் பார்க்கும், இரண்டு எழுத்துகளைக் கண்டு ‘தெரியவில்லை’ என்று தள்ளிவிடும். பெண்களை எண்ணப் போன கணக்கில் கனகாவே இல்லை! இதைவிட மோசம், இனிஷியலை விரித்து எழுதும்போது நடப்பது. முருகனின் மகள் செல்வி ‘முருகன் செல்வி’ என்று கொடுத்திருந்தால், சில ஜர்னல்கள் முருகனை முதற்பெயராக்கிவிடும். கருவி அவரை முழு நம்பிக்கையோடு ஆண் என்று எழுதும். ‘தெரியவில்லை’ என்றாவது வந்தால் நீ தேடிப் பார்ப்பாய். இதை யார் தேடுவார்? ஆகவே ஏ.டி. வரியில் தமிழ்நாடோ இலங்கையோ இருந்தால், கருவி என்ன சொன்னாலும் கையால் பார்.

எக்ஸெலில் ஆளுக்கு ஒரு வரிசை போடு: கட்டுரை எண், ஆண்டு, எத்தனையாவது பெயர், மொத்தம் எத்தனை பேர், நாடு, பால். அதற்கடுத்து ‘எப்படித் தெரிந்தது’ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்: கருவியா, கல்லூரி இணையப் பக்கமா, நேரில் கேட்டதா. கையால் பார்ப்பவற்றை இருவர் தனித்தனியே பார்த்து, ஒத்துப்போகும் அளவைக் கப்பா என்ற புள்ளியியல் எண்ணாகக் கொடுங்கள். பெயரையும் படத்தையும் வைத்துச் செய்வது ஊகம்தான், அவர் தம்மை யாராக உணர்கிறார் என்பதை அது சொல்லாது என்று கட்டுரையிலேயே எழுதிவிடு. ஆத்தர்களுக்கு மெயில் போட்டுக் கேட்பதானால், முன்பே எத்திக்ஸ் கமிட்டியிடம் போ.

தெரியாதவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சதவீதம் போடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. நூறு பெயரில் 18 பெண்கள், 60 ஆண்கள், 22 தெரியவில்லை என்று வை. 22-ஐ விட்டுவிட்டால் 23 சதவீதம் வரும். உண்மையில் அது 18-லிருந்து 40 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இரண்டு எல்லைகளையும் அட்டவணையில் போடு. ஒரே பேராசிரியர் 12 கட்டுரைகளில் லாஸ்ட் ஆத்தராக இருப்பார், அதனால் பெயர்களின் எண்ணிக்கை வேறு, ஆட்களின் எண்ணிக்கை வேறு, இரண்டும் வேண்டும். ஒருவரே எழுதிய கட்டுரையில் முதலும் கடைசியும் அவரே. அதைத் தனியே வை. எடிட்டோரியல்கள் ஆசிரியர் குழு பெரும்பாலும் அழைத்து எழுதச் சொல்பவை. அவற்றை மற்ற கட்டுரைகளோடு சேர்க்காதே, விட்டுவிடவும் செய்யாதே, தனியே எண்ணு. யாரை அழைக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி, என் கணக்கில் அதுதான் சுவாரசியமான கேள்வியும்கூட.

மொத்தத்தில் எத்தனை பெண்கள் என்ற எண்ணை விட, எந்த இடத்தில் என்பதைப் பார். நடுவில் ஐந்தாவது, ஆறாவது பெயராக வந்தவர் கேஸ் ஷீட்டிலிருந்து டேட்டா எடுத்துக் கொடுத்தவராக இருக்கக்கூடும். 2020-இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் (எம்.சி.ஐ.) மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு வைத்த விதியில் முதல் மூன்று பெயர்களில் ஒருவராகவோ கரஸ்பாண்டிங் ஆத்தராகவோ (ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைப்பவர்) இருந்தால்தான் கட்டுரை கணக்கில் வரும் என்றிருந்தது. இப்படி ஒரு விதி வந்தால் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு டிபார்ட்மெண்டில் என்ன நடக்கும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் சொந்தக் கட்டுரைக்கும் இது பொருந்தும். ஆத்தராவதற்கு, மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: திட்டத்திலோ டேட்டாவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பு. டேட்டா எடுத்துக் கொடுத்தது மட்டும் போதாது என்று சொல்லி ஜூனியர் பெயரை வெட்டுவார்கள். அதே வழிகாட்டியில், முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதித் திருத்தும் வாய்ப்பைத் தர வேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு நிபந்தனையைக் காட்டி விலக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அந்தப் பத்தியை அச்செடுத்து வைத்துக்கொள். ப்ரோட்டோகால் எழுதும்போதே யார் எந்த வேலை, பெயர் எந்த வரிசை என்று ஒரு மெயில் போட்டுவிடு. ‘நேற்றுப் பேசியபடி’ என்று தொடங்கினால் சண்டை போலத் தெரியாது. டேட்டா அனுப்பும் மெயிலிலேயே ‘டிராஃப்ட் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள் சார், மெத்தட்ஸ் பகுதியை நான் எழுதித் தருகிறேன்’ என்று சேர்த்துக்கொள்.

கடைசியாக, உன் பெயர். முதல் கட்டுரை அனுப்புமுன் அப்பா பெயரை விரித்து எழுதுவதா, இனிஷியலோடு நிறுத்துவதா என்று முடிவெடுத்து, அதையே எப்போதும் கொடு. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் பப்மெட்டில் நீ இரண்டு ஆளாகிவிடுவாய். பழைய கட்டுரைகள் ஒரு பெயரிலும் புதியவை இன்னொரு பெயரிலும் கிடக்கும். ஆண்கள் பெரும்பாலும் படாத தொல்லை இது. ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண்ணான ஆர்கிட் இலவசம், 16 இலக்கம், பதிவு செய்யச் சில நிமிடம்தான் ஆகும். பழைய பெயரையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ட்யூட்டிக்குப் போகுமுன் எடுத்துவிடு.

அன்புடன்,
உன் சீனியர்