13-ஆவது சுற்று எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு,

வணக்கம். குத்துச்சண்டையில் எக்காலத்துக்கும் சிறந்த ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர் யார் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உயரம், எடை, கை நீளம் எல்லாவற்றையும் தையற்காரர் போல் அளந்த கட்டுரையாளர், இன்றைய ஆறரை அடி ஆட்களிடம் அந்தக் கால சாம்பியன்கள் ஜோ லூயிஸும் ராக்கி மார்சியானோவும் நான்கு சுற்று தாங்க மாட்டார்கள் என்று முடித்துவிட்டார். மொத்தம் எத்தனை சுற்று என்பதை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

அன்று பட்டப் போட்டி என்றால் 15 சுற்று. 1982-இல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம் அடிபட்டு இறந்த பிறகுதான் அது படிப்படியாக 12 ஆனது. குறைத்தது சரிதான். ஆனால், ஒப்பிடும்போது அதை மறக்கலாமா?

1952 செப்டம்பர், பிலடெல்பியா. முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் உட்காரவைத்தார் அன்றைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். 12 சுற்று முடிந்தபோது நடுவர்களின் மூன்று புள்ளித்தாள்களிலும் அவர்தான் முன்னால். 13-ஆவதில், கயிற்றுப் பக்கம் ஒதுங்கிய அவருடைய தாடையில் மார்சியானோவின் வலக்கைக் குத்து விழுந்தது. ஓங்கிய குத்துகூட இல்லை. மிக அருகிலிருந்து வந்தது. ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, வால்காட் மண்டியிட்டுச் சரிந்தார். இன்றைய விதிப்படி அதற்கு முன்பே மணி அடித்து, வால்காட்டின் கையை உயர்த்தியிருப்பார்கள். கட்டுரையாளர் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற மார்சியானோவின் கணக்கே இருந்திருக்காது!

1941-இல் பட்டத்துக்கு மோதிய பில்லி கானும் 12 சுற்றுவரை சாம்பியன் லூயிஸை முந்தியிருந்தார். பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்திருந்தால் பட்டம் அவருக்குத்தான். நாக்-அவுட் ஆசை யாரை விட்டது? 13-ஆவதில் நெருங்கிப் போனார். சுற்று முடிய 2 வினாடி இருக்கையில் லூயிஸின் குத்தில் கதை முடிந்தது.

எடை விஷயத்தில் கட்டுரையாளரோடு பாதி உடன்படுகிறேன். வால்காட்டோடு மோதியபோது மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூசர்வெயிட் பிரிவில்தான் சேர்ப்பார்கள். 120 கிலோ ஆளிடம் முதல் சில சுற்றுகளில் அவர் படும் பாட்டை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால், 2024 மே மாதம் ரியாத்தில் தம்மைவிட அரை அடி உயரமான டைசன் ஃபியூரியை உக்ரைன் வீரர் உசிக் வென்றாரே? 9-ஆவது சுற்றில் கயிறு தாங்கியிராவிட்டால் ஃபியூரி விழுந்தே இருப்பார். அந்த உசிக் குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வேலூர்