மகளுக்கு: பேஸ்மென்ற் றெயில் டிஜிட்டலுக்கு மாறுகிறது

அன்பு மகள்,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கல்கரியில் ஸ்னோ கூட என்று செய்தியில் சொன்னார்கள். இரவில் ஹைவேயில் கார் எடுக்காதே. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

பேஸ்மென்ற் மேசையில் ஓடும் எங்கள் குட்டி றெயிலை ஒருவழியாக டிஜிட்டலுக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன். நீ எத்தனை வருடமாகச் சொன்னாய்! முன்பு ஒரே பகுதியில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். இப்போது தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கிறது, கட்டளையும் அதிலேயே போகிறது. எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அந்த எண்ணுள்ள டிகோடர் (எஞ்சினுக்குள் பூட்டும் சிறு மின்பலகை) மட்டும் தன் மோட்டாரை ஓட்டும். கனேடியன் என்ற பயணிகள் வண்டி விளக்கோடு நிலையத்தில் நிற்க, சரக்கு வண்டி பக்கத்தால் போகிறது. உண்மையான கனேடியன் 1990 முதல் கல்கரியை விட்டு எட்மன்டன் வழியாகத்தான் போகிறது. எங்கள் யாழ்தேவி றெயில் யாழ்ப்பாணம் போவது நின்றதும் அந்த வருடம்தான். என் மேசையில் அது கல்கரியில் நிற்கும்.

மேசைக்குக் கீழே தடித்த வயர் இரண்டு சுற்றிவர இழுத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயர் கொடுத்தேன். நீ பள்ளிக்கூடக் காலத்தில் ஈயம் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறேன். அவர்கள் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். உன்னிடமிருந்து செய்தி இருந்தால்தானே நான் சொல்ல? 25 சதக் குற்றியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தால், தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். ஜன்னல் பக்க வளைவில் வெட்டவில்லை. அப்படியே விட்டால், பெட்டி ஒன்று தடம் புரண்டு ஷோர்ட் ஆகும்போது சூடேறி பிளாஸ்டிக் உருகிவிடும். அங்கே இன்னும் வயர் போட வேண்டும்.

பழைய பச்சை எஞ்சினில் மோட்டாரின் ஒரு முனை இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதோடு டிகோடரைப் பூட்டினால் எரிந்துபோகும். டேப் ஒட்டிப் பிரித்து, மீட்டரால் பார்த்த பிறகுதான் பூட்டினேன். டிகோடர்கள் 3 என்ற எண்ணோடுதான் வருகின்றன. இதற்கு 1991 கொடுத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நான்கு இலக்கம் என்றபடியால் டிகோடரில் சிவி 29 என்ற அமைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. சிவி 3ஐக் கூட்டியதும் மெதுவாக, அழகாக வேகம் எடுக்கிறது.

பொங்கலன்று மருமகன் வேலையில் என்றாய். அம்மாவின் பிறந்தநாளிலும் அப்படித்தான் சொன்னாய். வேலை கூடத்தான், சரி. நீ நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகச் சமைக்கப் பஞ்சிப்படாதே.

மிச்சம் திரும்பு வளையம்தான். வண்டி அதில் சுற்றி வந்த வழியே திரும்பும்போது இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷோர்ட் ஆகிறது. தானாகத் துருவம் மாற்றும் கருவியை வாங்கிவிட்டேன். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், பிரித்த பகுதி மிக நீளமான வண்டியையும் விட நீளமாக இருக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை நீ பார்த்துச் சொல்லும்வரை கை வைக்கமாட்டேன்.

ரிக்கெற் நான் எடுத்துத் தருகிறேன். இருவரும் வந்தால் சந்தோஷம். நீ தனியாக வருவதென்றாலும் வா. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். இரவில் கார் எடுக்காதே என்று சொன்னேன், மறக்காதே. உன் அறையை ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு நாள் என்றாலும் இருக்கலாம். இன்றைக்கே அம்மாவுக்கு ஒரு கோல் எடு.

அப்பா