சீனி சேர்த்த கோதுமை

பலெர்மோ,
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைக்கும்போது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், உங்களுக்கும் குசினியில் வேலை கிடக்கும். இது ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம்.

நேற்று இங்கே சாந்தா லூசியா திருநாள். டிசம்பர் 13 அன்று பலெர்மோவில் பழைய ஆட்கள் பாணும் தொட மாட்டார்கள், பாஸ்தாவும் தொட மாட்டார்கள். 1646இல் இந்தச் சிசிலித் தீவில் கடும் பஞ்சமாம். சனம் புனித லூசியாவை மன்றாடிக்கொண்டிருக்க, அவருடைய திருநாளிலேயே கோதுமை ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாம். அதை அரைத்து, குழைத்து, பாண் சுட்டுத் தின்ன ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை. மணியை அப்படியே அவித்துத் தின்றார்களாம். கப்பல் தங்கள் துறைக்குத்தான் வந்தது என்று சிராக்கூசா ஊர்க்காரரும் சொல்லுவார்கள். லூசியா பிறந்தது அங்கே. எந்தத் துறையாக இருந்தாலும், அந்த நாளின் நினைவாக இன்றைக்கும் கோதுமை மாவை ஒதுக்கி வைக்கிறார்கள்.

அதற்காகப் பட்டினி கிடப்பதில்லை. சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரிக்கும் அரஞ்சீனாவுக்குக் காலையிலேயே கடைகளில் வரிசை நிற்கும். அந்த உருண்டையைப் பாண் தூளில் பிரட்டித்தானே பொரிக்கிறார்கள் என்று நான் வேலை செய்யும் வீட்டுச் சினோராவிடம், அதுதான் வீட்டு அம்மாவிடம், கேட்டேன். "அது கணக்கில் வராது" என்றார். எங்கள் பெரியம்மா கந்தசஷ்டி விரதத்தில் பால் தேத்தண்ணியைக் கணக்கில் எடுக்காதது ஞாபகம் வந்தது. விரதம் பிடிக்கிற மனிதர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான்.

ஆனால் அந்த நாளின் முக்கியமான பண்டம் குச்சீயா. கோதுமை மணியைச் சில நாள் முன்பே ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சினோராவுக்குக் கை நடுங்குவதால் கிண்டுகிற வேலை என்னுடையது. அவர் கதிரையில் இருந்தபடி ஒரு மணியை விரலால் நசுக்கிப் பார்த்து, இன்னும் அவிய வேண்டும் என்பார். மணி வெடித்து உள்வெள்ளை தெரியும்போதுதான் இறக்க விடுவார். பிறகு செம்மறிப் பால் ரிக்கோத்தா என்ற மெத்தென்ற பாற்கட்டியை அரிதட்டில் தேய்த்து, சீனி கலந்து, ஆறின கோதுமையில் கொட்ட வேண்டும். அதற்கு மேல் சொக்லேட் துண்டு, சீனிப்பாகில் போட்ட பூசணி, கறுவாத்தூள். உண்மையாகவே நல்ல ருசி.

சாப்பிடும்போது சினோரா ஒன்று சொன்னார். 1943இல் பலெர்மோ மேல் குண்டு மழை பெய்தபோது அவர் கைக்குழந்தை. அந்த வருசம் ரிக்கோத்தாவும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் அவித்த கோதுமைதான் என்று அவருடைய தாய் சொல்லுவாராம்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு மே மாதக் கஞ்சிதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் முள்ளிவாய்க்காலில் நீங்கள் அதைக் குடித்தவர். நான் அப்போது இங்கே மூன்று நேரமும் சாப்பிட்டவன். ஆகையால் இதைப் பற்றி வாய் திறக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இங்கேயும் நாங்கள் அதன் நினைவாக மே மாதத்தில் காய்ச்சுகிறோம். தேங்காய்ப்பால் விடுவதில்லை. இந்த வருசம், இங்கே பிறந்த ஒரு சின்னப் பெடியன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி கேட்டான். தாய் அதட்டிவிட்டாள். எனக்கும் அப்போது அவள் செய்தது சரி என்றுதான் பட்டது. நேற்று அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரில் குச்சீயாவுக்கு முதலில் சீனி போட்டது யாராக இருக்கும்? பசியால் பிள்ளையைச் சாகக் கொடுத்த தாய் போட்டிருக்க மாட்டாள். அவளுடைய பேரனோ பேரனின் மகளோ கேட்டிருப்பார்கள், யாரோ ஒருத்தி மனமிரங்கிப் போட்டிருப்பாள். அன்றைக்குப் பெரியவர்கள் கோபப்பட்டும் இருப்பார்கள்.

இதில் எனக்குப் பயமும் இருக்கிறது. கிட்டத்தட்ட 380 வருசத்துக்குப் பிறகு, அந்தப் பஞ்சத்தில் செத்த ஒருவருடைய பெயரும் இங்கே ஒருவருக்கும் தெரியாது. கப்பல் வந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நினைப்பது பசி தீர்ந்த நாளை. நாங்கள் நினைப்பது தீராத நாட்களை. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கஞ்சி உப்போடுதான் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த முறை அந்தப் பெடியன் கேட்டால் அதட்ட விடமாட்டேன். குடித்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்வதை நான் இங்கே மற்றவர்களுக்கும் சொல்லுவேன்.

உங்களிடமிருந்து ஒரு தகவலும் வராத அந்த மாதங்களில் நாங்கள் எங்கே போனோம் என்று இதுவரை சொன்னதில்லை. நகரத்துக்கு மேலே மொந்தே பெல்லெக்ரீனோ என்ற மலை இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே கண்டெடுத்த புனித ரொசாலியாவின் எலும்புகளை நகரத்தைச் சுற்றிக் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்பது இவர்கள் நம்பிக்கை. கோயில் ஒரு குகைக்குள். கூரைப் பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அதை ஏந்திக் கொண்டுபோக வளைந்த தகடுகளைப் பாறையில் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் சனம், சைவக்காரர்தான், சேலை உடுத்தி, சிலர் செருப்பில்லாமல், கால்நடையாக ஏறுவார்கள். நானும் ஏறினேன். உங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொன்னேன். ஏன் இங்கே வருகிறீர்கள் என்று ஊர்க்காரர் ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. இந்த ஊரை எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுவே பெரிய காரணம்.

சரி, இனிச் சமையல். சூடை மீன் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். முந்திப் பிரபுக்கள் அத்திப்பழம் தின்று கொழுத்த குருவிகளைச் சுட்டுச் சமைப்பார்களாம். ஏழைச் சனத்துக்குக் குருவி ஏது? சூடையை விரித்து, முள் எடுத்து, வறுத்த பாண் தூள், முந்திரிகை வத்தல், பைன் கொட்டை, கொஞ்சம் நெத்தலி எல்லாம் உள்ளே வைத்துச் சுருட்டி, வால் மேலே நிற்கிறபடி தட்டில் நெருக்கி அடுக்கினார்கள். பார்த்தால் குருவி குந்தியிருப்பது மாதிரித்தான். மேலே தோடம்பழச் சாறு தெளித்துப் போறணையில் வைத்தால் முடிந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் நீங்கள் ஓ. எல். சோதனைக்குப் படித்ததும் இந்தச் சூடைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று எனக்குப் படுகிறது. அப்போது நாங்கள் வெட்கப்படவும் இல்லை. அந்த விளக்கில் படித்துத்தானே நீங்கள் ரீச்சர் ஆனீர்கள்.

தை மாதம் இங்கிருந்து ஒருவர் கிளிநொச்சிக்கு வருகிறார். பைன் கொட்டை ஒரு பை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கிடைக்காவிட்டால் கச்சானைக் குத்திப் போடுங்கள், பிழையில்லை. அத்தானுடைய முழங்காலுக்குக் கேட்ட தைலமும் அதோடு வரும்.

அன்புடன்,
தம்பி