வடை மடித்த தாளில் ஓர் ஆதார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் நம் சொந்த விவரங்களைக் காப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடவுச்சொல்லை நீளமாக வை, ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே. எல்லாம் சரிதான். ஆனால் தன் போனைத் தானே பார்க்கத் தெரிந்தவருக்கு எழுதியது அது. பாம்பனில் 11 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் என் கடைக்கு வருவது அபூர்வம்.

போன மாதம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இரண்டு உளுந்த வடை வாங்கினேன். தாளைப் பிரித்தால் யாரோ ஒரு பெண்ணின் ஆதார் நகல். முகத்தின் மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. 12 எண்களும் பளிச்சென்று தெரிந்தன. தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. என் மெஷினில் டிரம் கீறிப்போயிருந்த நாட்களில் எல்லா நகலிலும் விழுந்த கோடு அது. கோணலாக விழுந்தவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டவன் நான்தான். அப்புறம் வடை இறங்கவில்லை.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நிவாரணம், வங்கிக் கணக்கு, அட்டை புதுப்பிப்பு என்று கடையில் கூட்டம் நிற்கும். "போன் நம்பர் யாருடையது?" என்று கேட்டால், "மருமகன் நம்பரைப் போடு தம்பி" என்பார்கள். மருமகன் ராமேஸ்வரத்தில் இருப்பார். ஓடிபி அவருக்குப் போகும், அவர் மாமியாரின் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவார், அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து என்னிடம் சொல்வான், நான் தட்டுவேன். யாரிடமும் சொல்லக் கூடாத எண் மூன்று வாய் தாண்டித்தான் என் கீபோர்டுக்கே வருகிறது. இப்படி வருடக்கணக்காக எங்களிடம் எண்ணைச் சொல்லிப் பழகியவரிடம் ஒருநாள் எவனோ போனில், "உங்கள் நிவாரணம் நிற்கிறது, வந்த எண்ணைச் சொல்லுங்கம்மா" என்றால், அவர் சொல்லத்தானே செய்வார்? அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதே என்னைப் போன்ற கடைக்காரர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரை இணையத்திலிருந்து இறக்கினால் அந்தக் கோப்புக்குப் பூட்டு உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் சாவி. என் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஆயிரத்துக்கு மேல் கோப்புகள் கிடந்தன. பெயரும் வருடமும் தெரிந்த எனக்கு அது பூட்டே இல்லை. வடை வாங்கிய அன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. வாட்ஸப்பில் வந்து கிடந்தவற்றை அழிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் கோப்பை அழித்துவிட்டு வாருங்கள் என்றது. நல்ல யோசனை. ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. எண் மறைத்த ஆதார் இன்றும் கிடைக்கத்தான் செய்கிறது. நானே சிலருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். "முழு நம்பர் தெரியணும், போய் வேற எடுத்துட்டு வா" என்று கவுன்ட்டரில் திருப்பிவிட்டார்கள். பஸ் காசு, இன்னொரு நகலுக்கான காசு, அரை நாள் எல்லாம் போனது.

சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா வருவார். கடல்பாசி எடுப்பவர். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். அப்படியும் ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் ஓரிடத்துக்குப் போனபோது, "விழலை, மறுபடி வை" என்று நான்கு முறை வைக்கச் சொன்னார்களாம். கையில் கிடைத்தது 2,000 ரூபாய். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் அதே நாளில் இரண்டு முறை 2,000 போயிருக்கிறது. இந்த முறைக்கு ஓடிபி வேண்டாம், அட்டை வேண்டாம். ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரலும் இருந்தால் போதும். அக்கா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்ட பிறகு, "நெட்வொர்க் கோளாறு" என்று சொல்லி மீதியைக் கொடுத்தார்கள். கைரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாமே என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் திறந்து மூட, ஆதாரோடு இணைந்த போன் கையில் வேண்டும். அக்காவிடம் போனே இல்லை.

அதனால் அறிவுரையை அக்காவுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. அவருக்காகத் தட்டிக் கொடுக்கும் எங்களுக்கும், நகல் கேட்கும் அலுவலகங்களுக்கும் சொல்லுங்கள். ரசீது கொடுக்காமல் கைரேகை வாங்கக் கூடாது. எண் மறைத்த ஆதாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதை எங்கள் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட வைக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அதுவும் டிஜிட்டல் வடிவில் உள்ள விவரங்களுக்கும், பிறகு அப்படி மாற்றப்படுபவற்றுக்கும் மட்டும். வடை மடித்த தாள் அதில் வராது.

இப்போது கோணலாக விழுந்த நகலையும் சேர்த்து, வந்தவர் கையிலேயே கொடுத்து, "கிழித்து அடுப்பில் போடுங்கள்" என்கிறேன். நேற்று ஒரு பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் சேத்தா காசு வாங்குன?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் (பெயரை வெளியிட வேண்டாம்),
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்